வெயிலாச்சி வாங்கிய சத்தியம்

அந்தக் காலத்தில் ஓணானும் பேசும், மண்ணும் பேசும். பூமித்தாய் வருஷம் முழுக்கச் சூரியனை ஒரே தூரத்தில்தான் சுற்றிவந்தாள்.

தேரிக்காட்டுச் செம்மணலில் வெயிலாச்சி என்றொரு ஓணான் ஏழு முட்டை இட்டுப் புதைத்திருந்தாள். மார்கழி பிறந்தது. மணல் சில்லென்று ஆகிவிட்டது. முட்டைகள் அசையவே இல்லை.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். குளிர்ந்தால் பனையேறுவாள், உச்சிக்குப் போனால் உடம்பு சூடேறும். ஆகவே சூரியன் கிட்டே போனால் சூடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மணலில் வாயை வைத்துக் கூப்பிட்டாள். "ஆத்தா, சூரியன் பக்கம் கொஞ்சம் நெருங்கிப் போயேன். எம்புள்ளைங்க வெறச்சுக் கெடக்கு."

"போறதுக்கென்ன தாயி? ஆனா நான் ஒருபக்கமா சாஞ்சுல்ல இருக்கேன். இந்த மாசம் உன் பக்கம் சூரியனை விட்டு விலகிச் சாஞ்சிருக்கு. சூடெல்லாம் கடலுக்குத் தெக்க உள்ளவங்களுக்குத்தான். கிட்ட போயும் உனக்குக் குளிரும்."

"சாக்குச் சொல்லாத ஆத்தா! வருஷா வருஷம் மார்கழியில கிட்ட போவேன்னு சத்தியம் பண்ணு."

பெருமூச்சோடு பூமித்தாய் சத்தியம் செய்தாள். மண் கொடுத்த வாக்கு மாறாது.

கிட்டேயும் போனாள். வெயிலாச்சி பனையேறிப் பார்த்தாள். சூரியன் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. குளிரோ அப்படியே இருந்தது! மணல்தான் ஏமாற்றுகிறதோ என்று இறங்கி வந்து தொட்டாள். அதுவும் சில்லென்றே இருந்தது.

சுற்றும் பாதையில் ஒரு பக்கம் சூரியனை நெருங்கிய பூமித்தாய் எதிர்ப்பக்கம் விலகத்தானே வேண்டும்? ஆனி மாதம் பூமி வெகுதூரம் தள்ளிப் போனாள். சூரியன் சிறுத்துவிட்டது. ஆனால் இப்போது தேரிக்காட்டுப் பக்கம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருந்ததால் மணல் கொதித்தது! அந்தக் கொதிப்பில் ஒரே ஒரு முட்டை பொரிந்தது. மற்ற ஆறும் சுருங்கிப்போயிருந்தன. வெயிலாச்சி அழுதாள்.

பிறந்த குஞ்சு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டது: "யம்மா, சூரியன் நமக்குக் கிட்டயா, தூரமா?"

வெயிலாச்சி தலையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தாள். தாழ்த்தி மணலைப் பார்த்தாள். மறுபடி தூக்கினாள், மறுபடி தாழ்த்தினாள். குஞ்சும் அம்மாவைப் பார்த்து அப்படியே செய்தது.

அன்று முதல்தான் மார்கழியில் சூரியன் கிட்டே இருந்தும் நாம் போர்வை தேடுகிறோம். வேலியில் உட்கார்ந்து ஓணான் தலையை ஏற்றி இறக்குவதும் அன்று தொடங்கியதுதான். நாம் பேசுவதற்கெல்லாம் அது ஆமாம் போடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பாவம், அதற்கு இன்னும் விளங்கவில்லை.