நாட்டுக்கெல்லாம் ஒரே வீடு

முன்னொரு காலத்தில், மன்னர் காலையில் நினைத்தது மாலைக்குள் சட்டமாகிவிடும் காலத்தில், கோதண்டவர்மர் என்றொரு மன்னர் இருந்தார். பட்டத்துக்கு வந்து பத்து வருடம் கழித்து, தம் நாடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார். போய்ப் பார்த்தார். பார்த்த இடமெல்லாம் கோபம் வந்தது.

மலைநாட்டில் புல்கூரைகள் கூப்பிய கை மாதிரி செங்குத்தாக நின்றன. ஆற்றுநாட்டில் வீடுகள் மரக்கால்களின் மேல் ஏறி நின்றன. கடல்நாட்டில் கூரை முழங்கால் வரை தாழ்ந்து கிடந்தது. வெயில்நாட்டிலோ சுவர் மூன்று முழக் கனம், சன்னல் உள்ளங்கை அகலம்.

"ஒரே நாட்டில் நான்கு விதமான வீடுகளா? ஒட்டுப்போட்ட வேட்டி போல் அல்லவா இருக்கிறது!" என்றார் மன்னர்.

கட்டட மந்திரி மகுடேசர் தலைநகரைத் தாண்டியதே இல்லை. ஆகவே நாட்டுக்கு என்ன தேவை என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. "பிரபு, அடியேன் வீட்டைப் போலத் தட்டையாக மொட்டைமாடி வைத்து எங்கும் கட்டிவிடலாம். வடகம் காயப்போடவும் வசதி."

வடகம் மன்னருக்குப் பிடிக்கும். சட்டம் பிறந்துவிட்டது.

எட்டாம் நாள், காலெல்லாம் புழுதியாக மலைநாட்டிலிருந்து மாதி என்ற பெண் சபைக்கு ஓடிவந்தாள்.

"மகராசா, எங்க கூரையப் பிரிக்க உங்க ஆளுங்க கடப்பாரையோட வந்து உட்கார்ந்திருக்காங்க. இன்னும் இருபது நாள்ல மழை எறங்கிடும். எறங்கினா ரெண்டு மாசம் விடாது. தட்டையா மாடி போட்டா தண்ணி வழியாம மேலயே நிக்கும். ஒருநாள் மொத்தமா பிள்ளைங்க தலையில உக்காந்துரும்."

"மழையும் மன்னர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான்" என்றார் மகுடேசர்.

அரசவை விகடன் சாத்தப்பன் எழுந்தான். மன்னரைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. அதற்காக அவனுக்கு மந்திரிகளைவிட ஒரு படி பக்கத்தில் ஆசனம். அந்த ஒரு படியை நினைத்து மகுடேசர் பல வருடமாக வயிறெரிந்துகொண்டிருந்தார்.

"அரசே, மழைக்கு ஓலை அனுப்பியாயிற்றா? அது ஒப்புக்கொண்டு பதில் எழுதும்வரை கூரைகள் இருக்கட்டுமே" என்றான்.

மகுடேசர் இதற்காகவே காத்திருந்தார். "பேசுவது எளிது, பிரபு. நான்கு நாட்டுக்கும் பொருந்தும் ஒரே வீட்டை இவனே கட்டிக்காட்டட்டும். எந்த நாட்டு வழக்கத்துக்கும் ஒரு விரற்கடை குறையக் கூடாது. குறைந்தால் இவன் நாட்டை விட்டுப் போகவேண்டும். மலைமேல் என் மாடி ஏறவேண்டும்."

"குறையாவிட்டால்?" என்று கேட்டான் சாத்தப்பன்.

"நீ சொல்வதைக் கேட்போம். பத்து நாள் அவகாசம். அதுவரை மலைநாட்டில் கூரையைப் பிரிக்க வேண்டாம்" என்றார் மன்னர்.

மகுடேசர் அரண்மனைக்குப் பின்னால் எட்டு முழ மனை ஒன்றை அளந்து கொடுத்தார். வேண்டுமென்றே சின்னதாக.

வாசலில் மாதி சாத்தப்பனை மறித்தாள். "அண்ணே, எங்க வீடுங்க உங்க கையிலதான் இருக்கு. நாலையும் எப்படிண்ணே ஒண்ணாச் சேப்பீங்க? சேராதே!"

"சேராதுதான் தங்கச்சி. அதனாலதான் சேர்க்கப்போறோம்."

மற்ற மூன்று நாடுகளிலிருந்தும் ஒவ்வொரு வேலைக்காரரை வரவழைத்தான். ஆற்றுநாட்டுத் தச்சர், "வெள்ளம் இடுப்புக்கு வரும், கால் ஆளுயரம் வேணும்" என்றார். சரி என்றான். வெயில்நாட்டுக் கொத்தர், "சுவரு மூணு முழம். அரை முழம் குறைஞ்சாலும் உள்ளே வெந்துருவோம்" என்றார். அதற்கும் சரி. "காத்து உள்ளே பூந்தா கூரையைத் தூக்கிரும், வாசல் முழங்கால் மட்டம்தான்" என்றார் கடல்நாட்டு மீனவர். பேஷாக என்றான். மாதி செங்குத்துக் கூரை கேட்டாள். மழைக்காலத்தில் விறகு நனையாமலிருக்க அடுப்புக்கு மேலே தாழ்வாக ஒரு பரணும் கேட்டாள். சாத்தப்பன் எதற்குமே மறுப்புச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மன்னர் வந்து அண்ணாந்து பார்த்தார். மரக்கால்களின் மேல் ஒரு மண்கோட்டை, அதன் மேல் ஒரு புல்கோபுரம். பயந்துபோன யானை மரமேறின மாதிரி நின்றது வீடு.

மகுடேசர் அளவுகோலோடு ஏறி இறங்கினார். நான்கு நாட்டாரும் ஒரே குரலில் "எங்க அளவு சரியா இருக்கு" என்றார்கள். "வெளியே குறையில்லை. உள்ளேதான் ஒளித்திருப்பான்!" என்று சொல்லி மந்திரி ஏணியில் ஏறி, மண்டியிட்டு, வாசலுக்குள் ஊர்ந்து போனார்.

உள்ளே ஏதோ 'ணங்'கென்று இடிபட்டது.

"மந்திரியாரே, என்ன செய்கிறீர்?" என்று மன்னர் கூப்பிட்டார்.

"நிற்க முடியவில்லை பிரபு, பரண் இடிக்கிறது."

"அப்படியானால் உட்காரும்."

"உட்காரவும் முடியவில்லை. இரண்டு பக்கமும் சுவர் முட்டுகிறது."

"பிறகு எப்படித்தான் இருக்கிறீர்?"

"இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன் பிரபு. இதில் மனிதன் எப்படி வாழ்வான்?"

சாத்தப்பன் கைகட்டி நின்றான். "அரசே, மந்திரியாரின் நிபந்தனையில் மனிதன் என்ற பேச்சே வரவில்லை. நான்கு நாட்டுக்கும் பொருந்த வேண்டும் என்றார், பொருந்திவிட்டது. ஆளுக்குத்தான் பொருந்தவில்லை. எல்லா ஊருக்கும் ஒரே வீடென்றால் இப்படித்தான் வரும்."

மன்னருக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மரக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் வீடு ஆட, உள்ளேயிருந்து மகுடேசர் "பிரபு! பிரபு!" என்று அலறினார்.

"வீட்டுச் சட்டம் ரத்து!" என்றார் மன்னர். "மலையிலிருக்கும் ஆட்கள் கடப்பாரையோடு திரும்பட்டும்."

மாதி கும்பிட்டுவிட்டு அங்கே நிற்கக்கூட இல்லை. மழைக்கு முன்னால் கூரைக்குப் புதுப்புல் வேய வேண்டுமே! சட்டம் ரத்தானதற்கு மன்னர் கொடுத்த ஓலையை மடியில் செருகிக்கொண்டு ஓடினாள்.

"சாத்தப்பா, நான்கு நாட்டில் எங்கே வேண்டுமோ அங்கே உனக்கு நிலம் தருகிறோம். அதில் ஒரு நல்ல வீடும் கட்டித் தருகிறோம். கேள்!" என்றார் மன்னர்.

"நிலம் போதும் அரசே. வீட்டை அந்த ஊர்க்காரர்களே கட்டிக்கொடுத்துவிடுவார்கள்."

மன்னர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். மந்திரியை வெளியே எடுக்க வந்த ஆட்கள், மன்னர் சிரித்து முடியட்டும் என்று ஓரமாக நின்றார்கள்.