கடல் சுட்ட ஐப்பசி

அலையாத்திக் காட்டை ஒட்டிய மணல்மேட்டில் செவலை என்ற தாய் முயல் வாழ்ந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள். பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள், கழிமுகத்தில் ஒரு பேராமை கரையோரமாகக் களைத்துக் கிடந்தது. செவலை அருகில் போனாள்.

"என்னக்கா, இந்தப் பக்கம்?"

"மேய்ச்சல் தேடி வந்தேன். கடலடியில புல்லெல்லாம் வெந்து போச்சு. தண்ணி அப்படிச் சுடுது."

"வெயில் காஞ்சா சுடத்தானே செய்யும்?"

"மேலாக்க சுட்டா பரவாயில்ல. முன்னெல்லாம் புயல் வந்து கடலைக் கலக்கினா, அடியில கிடக்கிற குளிர்ந்த தண்ணி மேல வரும். புயலும் தணிஞ்சு போகும். இப்ப அடியிலயும் சூடு. அந்தச் சூட்டைத் தின்னுதான் புயல் வளருது. ஆவியை அள்ளிக் குடிச்சிட்டு, கரையில வந்து மொத்தமா மழையா கொட்டிடும். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மேற்கே மேட்டுக்காட்டுக்குப் போயிடு."

செவலை நேரே கலைமானிடம் ஓடினாள். அந்தக் காட்டுக்கு அதுதான் தலைவன். விலங்குகள் எல்லாம் கூடின.

செவலை சொல்லி முடித்ததும் நரி முன்னால் வந்தது. முயல்கள் மேட்டுக்காட்டுக்குப் போய்விட்டால் தன் குடும்பம் பட்டினி கிடக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். தேன் ஒழுகப் பேசியது.

"தலைவரே, நாம பார்க்காத புயலா? எவ்வளவு பெரிய வெள்ளமும் கரையோரத்துல இருக்கிற அந்தத் தாழம்புதரைத் தாண்டினதில்ல. மேட்டுக்காட்டுல தெருநாய்ங்க கூட்டமா திரியுது. பச்சைப் பிள்ளைங்களோட அங்க போறது புத்தியா?"

கலைமான் தாழம்புதரைப் பார்த்தது. தலையை ஆட்டியது.

"நரி சொல்றதும் சரிதான். இங்கேயே இருப்போம்."

கூட்டம் கலைந்தது. பக்கத்துப் புதர் முயல் செவலையைப் பார்த்துச் சிரித்தது. "ஆமை பேச்சைக் கேட்டு நாய் வாயில போய் விழப் போறியா?"

செவலை கடலோரம் போய்க் காலை நனைத்துப் பார்த்தாள். அலை வெதுவெதுவென்று இருந்தது. போய்விட வேண்டியதுதான் என்று நினைத்தாள். ஆனால் மூன்று குட்டிகளோடு தன்னந்தனியாக எப்படிப் போவது? நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டாள். மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

நான்காம் நாள் காலையில் ஒரு கடற்காகம் வந்தது. "நடுக்கடல்ல சின்னதா ஒரு சுழல். பயப்பட ஒண்ணுமில்ல" என்றது.

அந்தச் சின்னச் சுழல் அடுத்த நாள் விடிவதற்குள் பூதமாகிவிட்டது. நண்பகலில் கரையைத் தொட்டது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒரு மாதத்து மழை அந்த ஒரு மத்தியானத்தில் கொட்டியது. கிழக்கிலிருந்து கடல் ஏறியது. மேற்கிலிருந்து ஆறு இறங்கியது. தாழம்புதர் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

செவலை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடினாள். சாய்ந்து கிடந்த மரத்தின் கிளையில் அதை வைத்துவிட்டு மற்ற இரண்டுக்காகத் திரும்பினாள். அவை படுத்திருந்த இடத்தில் தண்ணீர்தான் சுழன்றது. தத்தளித்தபடி கிளைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே வைத்த குட்டியையும் வெள்ளம் அடித்துப் போயிருந்தது.

மழை சற்றுத் தணிந்தபோதுதான், அதே மரத்தின் இன்னொரு கிளையில் நரி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள். அவர்களைக் கடந்து கலைமானின் உடல் மிதந்து போனது. கைக்கெட்டும் தூரத்தில் முயல் இருந்தும் தின்னும் நினைப்பு நரிக்கு வரவில்லை.

"என் பிள்ளைங்களும் போயிருச்சுங்க, தங்கச்சி" என்றது நரி. "வயித்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன். இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது."

நரி அவளை நிமிர்ந்து பார்த்தது.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் போகல?"

அவள் குட்டியை வைத்திருந்த இடத்தையே பார்த்தாள். கீழே சேற்றுத் தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

ஆபத்து வருகிறது என்று தெரிந்தும் நாளைக்கென்று தள்ளிப்போட்டவரையும், தெரியாமலே இருந்தவரையும் வெள்ளம் பிரித்துப் பார்ப்பதில்லை.