கோமளம் தின்ற மகாராஜா

மிளகரணை ராஜ்யத்தில் ராஜாவும் இருந்தார், வீடியோவும் இருந்தது. அதெப்படி என்று குறுக்கே கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்குக் கதைதான் முக்கியம்.

ராஜாவின் பெயர் அண்டரண்ட பூபதி. பெயருக்குத் தகுந்த அகலமான முகம். அவருடைய சபையில் காளத்தி என்று ஒரு விகடர். அரண்மனை இசைப்பள்ளிப் பிள்ளைகள் என்றால் காளத்திக்கு உயிர். பிள்ளைகள் அந்த வருஷம் ‘குடை பிடித்த தவளை’ என்று ஒரு பாட்டுக் கட்டி, மெட்டுப் போட்டு, ஆடிக் குதித்து வீடியோவும் எடுத்துவிட்டார்கள். திருவிழா அன்று பள்ளி மண்டபத்தில் வெளியீடு. ஆல்பத்துக்கு அட்டையும், சுவரில் ஒட்டப் போஸ்டரும் வரைந்தவள் பூங்காவனம் என்ற மாணவி. பச்சைத் தவளை, சிவப்புக் குடை, கீழே கொட்டை எழுத்தில் பாட்டின் பெயர். பார்த்தவர்கள் சிரிக்காமல் தாண்ட முடியாது.

இங்கேதான் வல்லபர் மூக்கை நுழைத்தார். ராஜாவின் மைத்துனர். மண்டபத்தை மாட்டுக்கொட்டகை ஆக்கி, தன் செல்லப் பசு கோமளத்தை அதில் கட்ட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. விழாவுக்குக் கூட்டம் வரவில்லை என்றால் பள்ளியை மூடிவிடலாம் என்று ராஜாவிடம் வாக்கும் வாங்கி வைத்திருந்தார்.

“அத்தான், உங்கள் ராஜ்யத்தில் ஒரு போஸ்டர் வருகிறது. அதில் தவளை இருக்கிறது, நீங்கள் இல்லை. ஊர் என்ன பேசும்?”

ராஜாவுக்குச் சுருக்கென்றது. “அதானே! போடச் சொல் என் முகத்தை!”

“உங்களுக்குப் பக்கத்தில் நான். அப்புறம் சேனாதிபதி, ராஜகுரு, மந்திரிமார் எல்லாரும். ஒருவரை விட்டால் மனத்தாங்கல் வரும்.”

“எவனாவது என் தலையில் கொம்பு கிம்பு வரைந்துவிட்டால்?”

“சட்டம் போட்டுவிடுங்கள் அத்தான். படத்தைத் தொட்டால் ராஜாவையே தொட்ட குற்றம்!”

அன்றைக்கே சட்டம் வந்தது. புதுப் போஸ்டரும் வந்தது. பூங்காவனம் அதை எடுத்துக்கொண்டு காளத்தியிடம் ஓடிவந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“தவளை எங்கே இருக்கிறது, தேடிக் கண்டுபிடியுங்கள் பார்ப்போம் ஐயா!”

காளத்தி தேடினார். சேனாதிபதியின் தாடைக்குக் கீழே பச்சையாக ஒரு கால் மட்டும் தெரிந்தது.

“இதைப் பார்த்தால் யாருக்கோ காதுகுத்து என்றுதானே நினைப்பார்கள்? ஒரு ஆள் வரமாட்டார். எங்கள் பள்ளி போச்சு ஐயா!” என்று விசும்பினாள்.

காளத்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கேட்டார்: “பசை காய்ச்சியாச்சா?”

“ஆச்சு ஐயா.”

“அதில் ஒரு உருண்டை வெல்லம், ரெண்டு கை பிண்ணாக்கு போட்டுக் கிண்டு. முதல் போஸ்டரை வல்லபர் வீட்டு எதிர்ச்சுவரில் ஒட்டு.”

“எதுக்கு ஐயா வெல்லம்?”

“எல்லாம் பெரிய மனிதர்கள் முகம். கொஞ்சம் இனிக்கட்டுமே!”

மறுநாள் சபை கூடியது. காளத்தி தலைப்பாகையை அவிழ்த்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஐயோ மன்னா! போய்விட்டீர்களே!”

“எங்கேய்யா போனேன்? இங்கேதானே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்!”

“உங்களைத் தின்றுவிட்டார்கள் மன்னா!”

பின்னாலேயே சேவகர்கள் ஒரு பசுவை இழுத்து வந்தார்கள். அதன் வாயோரத்தில் ராஜாவின் மீசையில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

“படத்தைத் தொட்டாலே உங்களைத் தொட்ட குற்றம். இவள் உங்களை விழுங்கிவிட்டாள். சேனாதிபதியை மென்றாயிற்று. இதோ, ராஜகுருவை அசைபோட்டுக்கொண்டிருக்கிறாள். சட்டப்படி இது ராஜத்துரோகம். வளர்த்தவரும் உடந்தை!”

“யார் வீட்டு மாடு இது?” என்று ராஜா கர்ஜித்தார்.

சபை மொத்தமும் வல்லபரைத் திரும்பிப் பார்த்தது. மனுஷனுக்கு வேர்த்து ஊற்றியது.

“அத்தான், வாயில்லா ஜீவன்! அதற்கு உங்கள் முகம் தெரியுமா, என் முகம் தெரியுமா? பசை ருசிக்கு வந்தது!”

“அப்படியானால் முகத்தைப் பார்த்து வரவில்லையா?” என்று காளத்தி இழுத்தார்.

“சத்தியமாக இல்லை!”

“ராஜா முகமே அவ்வளவு பெரிசாக இருந்தும்?”

“முகத்தைப் பார்த்து யாராவது வருவார்களா ஐயா? தனக்குப் பிடித்தது அங்கே இருந்தால்தான் மாடு வரும்!”

காளத்தி அழுகையைச் சட்டென்று நிறுத்தினார். தலைப்பாகையை எடுத்து நிதானமாகக் கட்டிக்கொண்டார்.

“கேட்டீர்களா மன்னா? மாடே முகத்தைப் பார்த்து வராதாம். ஜனங்களா வரப்போகிறார்கள்?”

ராஜா மீசையைத் தடவினார், பசுவைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். அப்புறம் சிம்மாசனம் ஆட ஆடச் சிரித்தார். அத்தனை முகங்களையும் எடுக்க உத்தரவாயிற்று. சட்டம் ரத்து, கோமளத்துக்கும் மன்னிப்பு.

தவளை மறுபடி குடையோடு சுவரேறியது. திருவிழா அன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. பிள்ளைகள் ஆட, ஜனங்கள் கூடவே “கொர் கொர்” என்று கத்த, ராஜாவும் சேர்ந்து கத்தினார். பள்ளிக்கு இனி ஒரு குறையும் வராது என்று அங்கேயே அறிவித்தார். பூங்காவனம் காளத்தியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வல்லபர் கோமளத்தோடு உம்மென்று நின்றிருந்தார். காளத்தியோடு வெளியே வந்த ராஜா ஒரு முத்துமாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டு, காதோரம் குனிந்தார்.

“ஓய், அடுத்த போஸ்டரில் என் முகம்... ஒரு ஓரமாக... சின்னதாக?”

“தாராளமாக மன்னா! பசை தடவுகிற பக்கம் முழுக்கக் காலியாகத்தானே கிடக்கிறது?”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று தரையில் உருண்டது. கோமளம் அதை முகர்ந்து பார்த்தது. பசை இல்லை. விட்டுவிட்டது.