மகிபாலர் தோட்டத்துத் தண்ணீர்

வேங்கைநாட்டில் கருமணலாறு என்று ஓர் ஆறு. அதன் குறுக்கே ராஜா சேந்தவர்மரின் பாட்டனார் ஓர் அணை கட்டியிருந்தார். வெள்ளத்தைப் பிடித்து வைக்கவென்றே கட்டிய அணை அது. ஐப்பசியில் ஆறு பொங்கி வந்தால் மதகுகளை இறக்கிவிடுவார்கள். தண்ணீர் உள்ளே தேங்கி நிற்கும். மழை ஓய்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள். கீழே இருக்கும் தலைநகரம் நிம்மதியாகத் தூங்கும்.

மற்ற மாதங்களில் அணையின் உட்புறம் வெறும் வண்டல் நிலம்தான். அங்கே மாடுகள் மேயும். ஏழைக் குடியானவர்கள் வெள்ளரி போட்டு, மழைக்கு முன்பே பறித்துக்கொண்டு கரையேறிவிடுவார்கள்.

நடுவில் ஆறு வருஷம் மழை பொய்த்தது. அணைக்குள் முழங்காலளவுக்கு மேல் தண்ணீர் நிற்கவில்லை. ராஜாவின் மைத்துனர் மகிபாலர் ஒருநாள் அந்தப் பக்கம் குதிரையில் போனவர், "அடடா, இவ்வளவு நல்ல நிலம் சும்மா கிடக்கிறதே!" என்று மனம் வருந்தினார். தனக்குச் சொந்தமில்லாத நல்ல நிலத்தைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான் வருத்தம் வரும். அக்காளிடம் சொன்னார். அக்காள் ராஜாவிடம் சொன்னாள். நிலம் மகிபாலருக்குப் போய்விட்டது.

வெள்ளரிக்காரர்களை விரட்டினார். மாடுகளை விரட்டினார். அணைக்குள்ளேயே மாளிகை எழும்பியது. சுற்றிலும் ரோஜாத் தோட்டம்.

மதகுக் காவலர் இருளப்பர் பதறிக்கொண்டு சபைக்கு ஓடிவந்தார். "மகாராசா! மழை பிடிச்சா அங்கே மூணு ஆள் உயரம் தண்ணி நிக்கும். மதகை எறக்கினா மாளிகை முழுகும். எறக்காம விட்டா ஊரே முழுகும். நான் என்ன செய்யட்டும்?"

"இதில் என்ன குழப்பம்?" என்றார் மகிபாலர். "மதகைத் திறந்தே வை. ஊர் இதற்கு முன் வெள்ளத்தைப் பார்த்ததே இல்லையா?"

சபை திகைத்துப் போயிற்று. ராஜாவுக்கு வியர்த்தது. ஒரு பக்கம் ஊர். மறுபக்கம் ராணி. அவர் கண் மெல்ல ஓலைநாயகம் பிச்சாண்டியின் மேல் போய் நின்றது. அரசாணைகளை எழுதுவது பிச்சாண்டியின் வேலை.

"பிச்சாண்டி, ஓர் ஆணை எழுதும். ஊர் மூழ்கக் கூடாது. என் மைத்துனரும் குறை சொல்லக் கூடாது. முடியாவிட்டால் எழுத்தாணியை இங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போம்."

பிச்சாண்டி மகிபாலர் பக்கம் பணிவாகத் திரும்பினார். "ஐயா, வாசகத்தைத் தாங்களே சொல்லிவிடுங்கள். பிற்பாடு குறை வராது பாருங்கள்."

மகிபாலருக்கு உச்சி குளிர்ந்தது. "எழுதும். அணைக்கு உட்புற நிலத்தின் எல்லைக்குள் இருப்பதெல்லாம் மகிபாலருக்கே சொந்தம்."

"மண், மரம், மாளிகை... தண்ணீர்?"

"தண்ணீரும்தான்! வருகிற முழங்கால் தண்ணீர் என் ரோஜாவுக்கு வேண்டாமா?"

"நியாயம். ஆனால் மதகு திறந்தே கிடந்தால் அந்தத் தண்ணீர் ஓடிவிடுமே?"

மகிபாலர் ஒரு கணம் யோசித்தார். ஆறு வருஷத்து வறட்சி அவருக்குத் தைரியம் கொடுத்தது. "சரி, மதகை இறக்கியே வைக்கட்டும். இதையும் எழுதும்: என் எல்லைக்குள் இருக்கும் எதையும் அரசாங்கத்தார் யாரும் தொடக் கூடாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது!"

பிச்சாண்டி ஓர் எழுத்து விடாமல் எழுதினார். முத்திரை விழுந்தது. இருளப்பர் போய் மதகுகளை இறக்கினார்.

அந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. ஆறு மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்து அணைக்குள் இறங்கியது. நான்காம் நாள் காலை, சேறு சொட்டச் சொட்ட, ஒரு காலில் மட்டும் செருப்போடு மகிபாலர் சபைக்குள் நுழைந்தார்.

"அத்தான்! என் மாளிகையின் கீழ்த்தளம் முழுகிவிட்டது! மதகைத் திறக்கச் சொல்லுங்கள்!"

ராஜா பிச்சாண்டியைப் பார்த்தார். பிச்சாண்டி ஓலையைப் பிரித்தார்.

"எப்படி ஐயா முடியும்? உள்ளே நிற்பது தங்கள் தண்ணீர். அரசாங்கத்தார் தொடக் கூடாதென்று தாங்களே சொன்னீர்களே."

"நானே அனுமதி தருகிறேன்! திறந்துவிடுங்கள்!"

"திறக்கலாம். ஒரே ஒரு சந்தேகம். ஒருவருடைய மாடு ஊரார் வயலில் இறங்கி மேய்ந்துவிட்டால் யார் பொறுப்பு?"

"மாட்டுக்காரன்தான்! இதென்ன கேள்வி, இந்த நேரத்தில்?"

"தங்கள் தண்ணீர் ஊருக்குள் இறங்கினால்?"

பிச்சாண்டி குரலைத் தாழ்த்தினார். "பத்தாயிரம் வீடு ஐயா. அத்தனை பேரும் தங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆனால் பாவம், அப்போது தங்களுக்கு வாசல் இருக்குமோ என்னவோ."

"எனக்கு அந்தத் தண்ணீரே வேண்டாம்! ராஜாவே எடுத்துக்கொள்ளட்டும்!"

"தண்ணீரை மட்டும் ராஜா எதில் வைத்துக்கொள்வார்? அதன் அடியில் இருக்கும் நிலத்தோடு கொடுத்தால் வசதி."

மகிபாலர் எழுத்தாணியைப் பிடுங்கி, நிலத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டார். பிச்சாண்டி ஓலையை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "இனி இது அரசாங்கத் தண்ணீர். மழை ஓய்ந்ததும் இருளப்பர் தம் வழக்கப்படி திறப்பார்" என்றார்.

"அப்படியானால் இன்றைக்கு?"

"இன்றைக்கு அரண்மனை மேல்மாடியிலிருந்து பார்த்தால் காட்சி நன்றாக இருக்குமாம்."

ஐந்தாம் நாள் மழை விட்டது. ஊரில் ஒரு வீட்டு முற்றம்கூட நனையவில்லை. தை பிறந்ததும் வெள்ளரிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். உடைந்த மாளிகைச் சுவர்களில் கொடியைப் படரவிட்டார்கள். காய்ப்பு அமோகம்.

ராஜா சபையில் வயிறு குலுங்கச் சிரித்தார். "பிச்சாண்டி, உமக்கு ஒரு பரிசு. நம் நாட்டில் எந்த நிலம் வேண்டுமோ கேளும், இப்போதே தருகிறேன்!"

பிச்சாண்டி கைகூப்பினார்.

"பெரும் பாக்கியம் மகாராஜா. ஆனால் எனக்கு ஒரு நாள் அவகாசம் வேண்டும். இருளப்பரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்."