ஆவாரம்பூவுக்குள் ஒரு தேன்குளம்

செம்மணல் தேரியில் ஓர் ஆவாரஞ்செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. சுற்றிலும் ஒரு பட்ட மரத்தை விட்டால், கண்ணுக்கெட்டிய வரை சிவப்பு மணல்மேடுதான். அந்த வெயிலில் ஓர் எறும்புக் கூட்டம் பிழைத்துக் கிடந்ததென்றால், அது இந்தச் செடியின் புண்ணியத்தால்!

ஆவாரை இலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடி சேரும் இடத்தில் ஒரு துளித் தேன் கசியும். எறும்புகள் அதைப் புற்றிலிருக்கும் குஞ்சுகளுக்கு ஊட்டும். பதிலுக்கு, இலை தின்ன வரும் பச்சைப் புழுக்களைக் கடித்து விரட்டும். இந்தக் காவலுக்குத் தலைவி சுள்ளி என்கிற எறும்பு.

தினமும் காலையில் ஒரு கருவண்டு வரும். பூவைக் கட்டிக்கொண்டு 'ம்ம்ம்ம்' என்று முரலும். அதைக் கேட்டால் தேரியே சொக்கிப் போகும். ஓணான் திறந்த வாயோடு தூங்கும். சுள்ளிக்கும் கண் செருகும்.

ஒருநாள் அப்படிச் செருகியபோது கனவு வந்தது. பூவுக்குள் ஒரு குளம்! குளம் நிறையத் தேன்! கரையில் குஞ்சுகளெல்லாம் வயிறு உப்பிப் படுத்திருந்தன. தேனலை மெல்ல மெல்ல ஆடியது.

சுள்ளி துள்ளி எழுந்தாள்.

"ஏட்டி, எல்லாரும் மேல வாங்க! பூவுக்குள்ள தேன்குளம் கெடக்கு! நான் பாத்தேன்!"

"எப்பப் பாத்தே?" என்றது பக்கத்து எறும்பு.

"இப்பத்தான், தூக்கத்துல!"

"தூக்கத்துலயா?"

"பின்னே, அந்த வண்டு தெனமும் சும்மாவா வந்து பாடுது?"

அவ்வளவுதான்! கூட்டமே பூவுக்கு ஏறியது. வண்டின் காலைக் கடித்து விரட்டிவிட்டு, மூன்று நாள் பூப்பூவாய்க் குடைந்தார்கள். முகமெல்லாம் மஞ்சள் ஆனதுதான் மிச்சம்!

கீழே இலைகளுக்குக் காவல் இல்லை. புழுக்கள் சாவகாசமாக மேய்ந்தன. பொழுது சாய்ந்தால் ஆவாரை தன் இலைகளை மடக்கித் தூங்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் மடக்குவதற்கு இலைகளே அதிகம் இல்லை.

சுள்ளி இதைக் கவனிக்காமல், அந்தப் பட்ட மரத்தில் துளையிட்டு வாழ்ந்த கருவண்டிடம் ஓடினாள்.

"அக்கா! குளத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"குளமா? ஆவாரம்பூவுல ஒரு சொட்டுத் தேன் கெடையாதுட்டி! நான் முரன்று அதிர்ந்தாத்தான் பூந்தூள் கொட்டும். எம்பிள்ளைகளுக்கு அதுதான் சோறு."

"அப்ப தேன்?"

"இலையில இருக்கே! தெனமும் நீதானே குடிச்ச?"

சுள்ளி திரும்பி ஓடிக் கூட்டத்தைக் கீழே இறக்கினாள். புழுக்களைக் கடித்துத் தள்ளினார்கள். எண்ணி ஏழு இலைகள்தான் மிஞ்சின. அந்தத் தேனில் குஞ்சுகளில் பாதிதான் பிழைத்தன.

மறுநாள் கருவண்டு வந்து முரன்றது. சுள்ளிக்குக் கண் செருகியது. மறுபடியும் அதே குளம். கரையில் எல்லாக் குஞ்சுகளும் இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. சுள்ளி விழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த இலைக்குக் காவலுக்குப் போனாள்.

கனவில் கண்ட குளத்தை நம்பிக் கையிலிருக்கும் துளியைக் காக்க மறந்தால், நம்மை நம்பி இருப்பவர்கள்தான் முதலில் பசியால் வாடுவார்கள்.