மெல்ல ஓட ஒரு கம்பம்

“டீச்சர், எனக்கு இன்னும் வேகம் வேணும்,” என்றார் இருதயராஜ்.

குணவதி பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். வாய்க்கால் கரையில் காலையில் ஓட வருகிறவர்களுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுப்பாள்.

“தெனமும் பத்து கிலோமீட்டர் ஓடுறீங்க. அப்புறம் வேகம் எதுக்கு சார்? பந்தயம் ஏதும் இருக்கா?”

“பந்தயம் இல்ல. முன்னாடி ஓடினா எல்லாம் மறந்துச்சு. இப்ப மறக்க மாட்டேங்குது.”

அவருடைய மனைவி மார்த்தா ஐப்பசியில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுவாரமே மனிதர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அழ வேண்டிய ஆள் ஓடுகிறாரே என்று ஊர் முணுமுணுத்தது. அழுதிருந்தால் தேவலை. மார்கழிப் பனியிலும் ஓடினார், ஒரே சீரான ஓட்டம். இப்போது பங்குனி. கரையெல்லாம் வேப்பம்பூ கொட்டிக் கிடக்கிறது. துக்கம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

குணவதி கரையோரத்து மின்கம்பங்களைக் காட்டினாள்.

“ஒரு கம்பம் வரைக்கும் வேகமா. அடுத்த கம்பம் வரைக்கும் மெல்ல. மறுபடி வேகமா. அவ்வளவுதான்.”

“மெல்ல எதுக்கு?”

“செய்ங்க சார்.”

செய்தார். அவர் போன வேகத்தில் எதிரே வந்த எருமை வழிவிட்டது. எட்டுக் கம்பம் போய்த் திரும்பி வந்தபோது குணவதி உதட்டைப் பிதுக்கினாள்.

“நீங்க மெல்ல ஓடவே இல்லையே.”

மறுநாளும் அதே கதைதான். ஒரு வாரம் இப்படியே போயிற்று. ஏழாம் நாள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னால முடியல டீச்சர். விட்டுடறேன். இனிமே இருந்துதான் என்ன ஆகப்போவுது.”

“வேகமா ஓட முடியுதுல்ல?”

“முடியுது.”

“மெல்ல?”

அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

“மெல்ல ஓடினா பின்னாடி அவ வர்ற மாதிரி இருக்கு. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. அதைத்தான் தாங்க முடியல.”

குணவதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“அவங்க எப்படி நடப்பாங்க?”

“மெல்லத்தான். கால்ல ஆணி அவளுக்கு. சர்ச்சுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான் முன்னால, அவ பத்தடி பின்னால. நம்ம பக்கம் ஆம்பளைங்க அப்படித்தானே நடக்கிறோம். ‘கொஞ்சம் நில்லுங்களேன்’னு கூப்பிடுவா. காதுல விழாத மாதிரி போயிட்டே இருப்பேன். முப்பது வருஷம்.”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. குணவதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெயில் ஏறிய பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“இப்ப எது டீச்சர்? வேகமா, மெல்லவா?”

“மெல்ல.”

“அடுத்த கம்பத்துக்குப் போக எத்தனை நிமிஷம் எடுத்துக்கலாம்?”

“அவங்களுக்கு எத்தனை ஆகுமோ அத்தனை.”