ஒன்பது பேர் பட்டியல்

"சாமி, நீங்க எங்க ஸ்கூலுக்கு வந்து மனக்கட்டுப்பாடு பத்திப் பேசணும்" என்றாள் செண்பகவல்லி.

குரு மடத்துக் கிணற்றடியில் தன் வேட்டியைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?"

"என் வகுப்புப் பசங்களுக்கு. பத்தாவது பி. ஒன்பது பேரு. நாளைக்கு அவனுங்க பேரை எழுதி ஹெச்.எம். கிட்ட குடுக்கப்போறேன். ஒன்பது பேருக்கும் டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுக்கணும். அதுக்கு முன்னாடி நீங்க நாலு வார்த்தை சொன்னா, போற இடத்துலயாவது உருப்படுவானுங்க."

பதினான்கு வருடமாக அவள் பள்ளியில் ஆசிரியை, மடத்தில் சிஷ்யை. அவள் இவ்வளவு கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை.

கோபம் நியாயமானதுதான்.

அவள் வகுப்பில் ஒரு பெண். பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னவர்கள் போதும். ஒரு திங்கட்கிழமை சீருடையில் கறை பட்டது அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை. பின்னால் வந்த மதிவாணன் என்பவன், ஒளித்துக் கொண்டுவந்த கைபேசியில் அதைப் படம் எடுத்தான். அன்று சாயங்காலமே பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

மற்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். மறுநாள் காலை அவள் பெஞ்சில் சிவப்புச் சாக்பீஸைத் தேய்த்து வைத்திருந்தார்கள்.

இப்போது ஒன்பது நாளாக அவள் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த மாதம் பொதுத்தேர்வு. பரீட்சையே எழுத மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள்.

"தனியா கூப்பிட்டா ஒருத்தனும் தலையை நிமிர்த்த மாட்டான் சாமி. வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாதவன் மாதிரி நிப்பான். கூட்டமாச் சேர்ந்தா மட்டும் எங்கிருந்துதான் வருதோ இந்தக் கொழுப்பு."

"ஏன் அனுப்பினீங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன். ஜெகதீசன்னு ஒருத்தன், முதல் மார்க் வாங்குற பையன். 'எல்லாரும் சிரிச்சாங்க மிஸ், நான் மட்டும் சும்மா இருந்தா அவளுக்கு சப்போர்ட்டுன்னு ஓட்டுவாங்க'ங்கறான். கூச்சமே இல்லாம சொல்றான். ஒரு நிமிஷம் விரலை அடக்க முடியலை, அதுக்கு ஒரு காரணம் வேற."

குரு வேட்டியைக் கல்லில் இரண்டு முறை அடித்தார்.

"எவ்வளவு அக்கிரமம்னு நீங்களே பாருங்க சாமி." அவள் கைபேசியைத் திறந்து நீட்டினாள்.

குரு கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நீட்டிய கையோடு நின்றாள்.

"சாமி?"

"அந்தப் பிள்ளை என்கிட்ட காட்டச் சொல்லுச்சா?"

"இல்லை சாமி. ஒரு ஆதாரத்துக்கு... நீங்க நம்பணுமேன்னு."

"நீ சொன்னா நான் நம்ப மாட்டேனா தாயி? அதை உள்ள வை."

வைத்தாள். பை மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

"உனக்கு எப்படி வந்தது இது?"

"ஸ்டாஃப் குரூப்ல கணக்கு சார் போட்டாரு. 'நம்ம பிள்ளைங்க லட்சணத்தைப் பாருங்க'ன்னு. பாத்ததும் எங்களுக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு."

"அதுல எத்தனை பேர்?"

"முப்பத்திரண்டு."

முப்பத்திரண்டு பேரும் படித்தவர்கள். பாதிப் பேருக்கு மேல் அந்தப் பெண்ணின் வயதில் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஒருவருக்காவது அந்தப் படத்தை அழிக்கத் தோன்றியதா என்றால், இல்லை.

"நீ என்ன செஞ்ச?"

"கோபமா ஒரு முகம் போட்டேன். எல்லாரும் போட்டாங்க. நான் வகுப்பு டீச்சர் சாமி. நான் மட்டும் பேசாம இருந்தா, பசங்களுக்கு சப்போர்ட்டுன்னு..."

நிறுத்தினாள். பிறகு அவசரமாகச் சொன்னாள்.

"அது வேற சாமி. நாங்க சிரிக்கலை."

"அப்புறம்?"

"பெற்றோர் சங்கத் தலைவருக்கு அனுப்பினேன். அவருக்குத் தெரியணுமில்லையா? எங்க அக்காவுக்கு அனுப்பினேன். அவளும் டீச்சர்தான், அவ ஸ்கூல்லயும் உஷாரா இருக்கட்டுமேன்னு."

"அக்கா யாருக்கு அனுப்பினா?"

"கேக்கலை."

குரு ஈர வேட்டியை வாளிக்குள் எறிந்தார். தண்ணீர் அவள் சேலைக் கரையில் தெறித்தது. அவருக்கும் கோபம் வரும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"பெஞ்சுல சாக்பீஸ் தேய்ச்சாங்கன்னு சொன்னியே. அது என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"அன்னைக்கு அந்தப் பிள்ளை என்ன பண்ணுச்சு?"

"நான் உள்ள போறப்ப துடைச்சுட்டிருந்தா. என்னம்மான்னு கேட்டேன். ஒண்ணுமில்லை மிஸ்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டா."

"வீட்டுக்குப் போகலையா?"

"போகலை."

"படம் சுத்துறது தெரியுமா அவளுக்கு?"

"தெரியும் சாமி. காலையிலேயே பொண்ணுங்க சொல்லிட்டாங்களாம்."

"புதன்கிழமை?"

"வந்தா. கணக்குப் பரீட்சை இருந்தது. எழுதினா. தொண்ணூத்து மூணு."

"உங்க கணக்கு சார் எப்பப் போட்டாரு?"

"அன்னைக்குச் சாயங்காலம்."

"வியாழக்கிழமை?"

வருகைப் பதிவேடு அவள் கையால் எழுதுவது. ஒன்பது நாளும் அந்தப் பெயருக்கு நேராக அவள்தான் குறி போட்டாள். ஆனாலும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் சொன்னாள்.

"வந்தா. மத்தியானம் வயித்து வலின்னு லீவ் கேட்டுப் போனா. அதோட வரலை."

"காலையில அவகிட்ட யார் என்ன சொன்னது?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. பசங்களைத்தான் அதுக்குள்ள ஹெச்.எம். ரூம் வாசல்ல நிக்க வச்சாச்சே. நான்தான் பேசினேன்."

"என்ன பேசின?"

"தைரியம் சொன்னேன் சாமி. மனசு கேக்கலை. வராந்தாவுக்குக் கூப்பிட்டு, தோள்ல கை வச்சு, 'பயப்படாதேம்மா, நாங்க இருக்கோம். டீச்சர்ஸ் எல்லாரும் படத்தைப் பாத்துட்டோம்'னு..."

சொல்வதைப் பாதியில் விட்டுவிட்டு, செண்பகவல்லி பையைத் திறந்து கைபேசியில் அந்தப் படத்தை அழிக்க ஆரம்பித்தாள்.